மூன்றாம் ஷிஃப்ட்டுக்கு என்ன தேதி

ஒன்றுக்கு இரண்டு மேல்படிப்பு முடித்தவள் என்று கல்யாண வீடுகளில் இப்போது என்னை அறிமுகப்படுத்துகிறார்கள். சட்டம் ஒன்று, பொது விவகாரம் ஒன்று, இரண்டும் சேர்ந்து ஒரே படிப்பு. பெருமையாகத்தான் இருக்கிறது, பொய் சொல்வானேன். ஆனால் அந்தப் படிப்பில் நான் உருப்படியாகக் கற்றுக்கொண்டதெல்லாம் ஒரு தேதியைத் தப்பாக எழுதியதிலிருந்து வந்தது. அதை யாரும் கல்யாண வீட்டில் சொல்வதில்லை. நானே சொல்லிவிடுகிறேன்.

எனக்கு மூக்கு நுனியில் கோபம். சேலத்தில் சட்டப் படிப்பை முடித்துவிட்டு, கிருஷ்ணகிரி நீதிமன்றத்தில் ஒரு மூத்த வக்கீலிடம் ஜூனியராகச் சேர்ந்தேன். ஒரு வருடம் முழுக்க கேஸ் கட்டைத் தூக்கிக்கொண்டு வாய்தா வாங்கியதுதான் வேலை. ஒருநாள் அவரோடு சண்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தேன். வந்த சூட்டில் ஓசூரில் ஒரு உதிரிபாக ஆலையின் டைம் ஆபீஸில் வேலைக்குச் சேர்ந்துவிட்டேன். யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார், எத்தனை மணிக்கு வெளியே போனார், யாருக்கு லீவு, யாருக்கு வார விடுமுறை என்று பதிவு வைக்கிற இடம் அது. அந்தப் பதிவேட்டுக்கு மஸ்டர் என்று பெயர். மூன்று வருடம் அந்த மஸ்டரோடுதான் குடும்பம் நடத்தினேன்.

அதற்குப் பிறகுதான் பெங்களூரில் ஒரு பல்கலைக்கழகத்தில் இந்த இரட்டைப் படிப்பு இருப்பதைக் கேள்விப்பட்டு வேலையை விட்டேன். காவேரிப்பட்டினத்தில் சாக்கு வியாபாரம் செய்யும் என் அத்தாவுக்கு இது பிடிபடவில்லை.

“வக்கீலுக்குப் படிச்ச, சரி. கம்பெனிக்குப் போன, சரி. இப்ப மறுபடியும் வக்கீலுக்கா? அரைச்ச மாவையே எத்தன தடவம்மா அரைப்ப?”

“இது சட்டம் மட்டும் இல்ல அத்தா. கவர்மென்ட்டு எப்படி நடக்குது, எப்படி நடக்கணும், அதயும் சேத்து.”

“அப்ப ரெண்டு தோணியில கால் வெக்கறேன்னு சொல்லு.”

சொன்னாரே தவிர, முதல் நாள் ஓசூர் வரைக்கும் கூடவே வந்து பெங்களூர் பஸ்ஸில் ஏற்றிவிட்டார். பஸ் கிளம்பும்வரை ஜன்னலுக்குக் கீழே நின்றார். பஸ் நகரும்போது தண்ணீர் பாட்டில் ஒன்றை ஜன்னல் வழியாக என் மடியில் போட்டார். அத்தாவின் சம்மதம் எப்போதும் இப்படித்தான் வரும், வாயால் வராது.

ஓசூரில் குடியிருந்து பெங்களூரில் படிப்பது என்றால் பாதிப் படிப்பு பஸ்ஸில்தான். எலக்ட்ரானிக் சிட்டிக்கு வேலைக்குப் போகும் நான்கைந்து பெண்கள் தினமும் அதே பஸ்ஸில் வருவார்கள். எனக்கும் சேர்த்துக் கைக்குட்டை போட்டு ஜன்னலோர சீட்டைப் பிடித்து வைப்பார்கள். “படிக்கற புள்ளைக்கு வெளிச்சம் வேணும்” என்று நின்றுகொண்டு வருபவர்களிடம் எனக்காகச் சண்டைகூடப் போட்டார்கள். அத்திப்பள்ளி நெரிசலில் பஸ் நின்றுவிட்டால் எல்லோரும் முணுமுணுப்பார்கள், எனக்கு மட்டும் ஓர் அத்தியாயம் கூடுதலாகக் கிடைக்கும். அந்தப் பெண்களுக்கு நான் ஒரு நாளும் ஒழுங்காக நன்றி சொன்னதில்லை.

காலையில் சட்ட வகுப்பு. அங்கே கேள்வி எப்போதும் ஓர் ஆளைப் பற்றியது. இவருக்கு என்ன உரிமை, எந்தப் பிரிவில், என்ன ஆதாரம். மதியத்துக்கு மேல் பொது விவகார வகுப்பு. அங்கே கேள்வி வேறு. இவரைப் போல எத்தனை பேர், ஏன் எல்லோரும் ஒரே இடத்தில் தடுக்கி விழுகிறார்கள், அந்த இடத்தை யார் அப்படிக் கட்டினார்கள். காலை வகுப்பில் எனக்குக் கண் பளிச்சென்று இருக்கும். மதிய வகுப்பில் தூக்கம் வரும். ஒரு மனிதருக்கு நியாயம் வாங்கித் தருவதை விட்டுவிட்டு இதென்ன ஊர்க்கதை என்று உள்ளுக்குள் ஓர் இளக்காரம் இருந்தது. இப்போது நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

கடைசி வருடத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். நிஜமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொண்டு இரண்டு தாள் எழுத வேண்டும். ஒன்று, அந்த ஓர் ஆளுக்காக ஒரு மனு. இன்னொன்று, அதே விஷயத்தில் இனி யாருக்கும் அப்படி நடக்காமல் இருக்க ஓர் அதிகாரிக்கு எழுதும் இரண்டு பக்கக் குறிப்பு. மனுவைச் சட்டப் பேராசிரியை பார்ப்பார், குறிப்பைப் பொது விவகாரப் பேராசிரியர் பார்ப்பார். பிறகு இருவரும் தாள்களை மாற்றிக்கொண்டு படிப்பார்கள்.

எனக்கான விஷயம் என் வீட்டு வாசலுக்கே வந்தது. நான் வேலை பார்த்த ஆலையில் பிரஸ் ஓட்டும் என் தோழி ஒருத்தி, இடது கையில் பெரிய கட்டோடு வந்து நின்றாள். இரும்புத் தகட்டை அழுத்தி வெட்டுகிற இயந்திரம் அது. ஆள்காட்டி விரலிலும் நடுவிரலிலும் நுனி போயிருந்தது. தளிக்கு அந்தப் பக்கம் ஒரு கிராமம் அவளுக்கு. வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், ஆலையில் தமிழ். கணவனும் மூன்றாம் வகுப்பு படிக்கும் மகளுமாக ஓசூரில் வாடகைக்கு இருந்தாள். டைம் ஆபீஸில் இருந்தபோது தினமும் என் ஜன்னல் முன்னால் அட்டையை நீட்டி, “குட் மார்னிங்க்கா” என்று சாயந்திரத்திலும் சொல்லுகிறவள். நான் சிரிக்க வேண்டும் என்றே சொல்வாள்.

அவள் சொன்னது இதுதான். சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு மூன்றாம் ஷிஃப்ட்டுக்குப் போனாள். விடிவதற்கு முன், நாலு நாற்பதுக்கு, பிரஸ் கையில் இறங்கிவிட்டது. சூப்பர்வைசர் கம்பெனி வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். ஆஸ்பத்திரிச் சீட்டில் ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்து பத்து என்று எழுதியிருந்தது. ஞாயிறு அவளுக்கு வார விடுமுறை. ஆலைக்காரர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள். விடுமுறை நாளில் எங்கேயோ கை நசுங்கியதற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று சொல்லிவிட்டார்கள். கேட்டுக்கு மேலே, விபத்தில்லாமல் இத்தனை நாள் என்று ஒரு போர்டு தொங்கும். அந்த எண்ணிக்கையைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவர அங்கே யாருக்கும் மனமில்லை. வண்டியில் கொண்டுபோன சூப்பர்வைசரை வேறு யூனிட்டுக்கு மாற்றிவிட்டார்கள். அவளுக்கோ, சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராததற்கு விளக்கம் கேட்டு நோட்டீஸ் வந்திருந்தது.

“வேலயில நடந்ததுன்னு எழுதிட்டாங்கன்னா, கை ஆறுற வரைக்கும் என்னை வேலைய விட்டு எடுக்க முடியாது இல்லக்கா?” என்றாள்.

“முடியாது.”

“எழுதலேன்னா?”

எழுதவில்லை என்றால் வேலை போகும். வேலை போனால் மூவரும் தளிக்குத் திரும்பி, கணவனின் அண்ணன் தோட்டத்தில் முட்டைக்கோஸ் நட வேண்டியதுதான். மகளின் பள்ளிக்கூடமும் போகும். அவள் அதைச் சொல்லவில்லை, எனக்கே தெரியும்.

ஒரே மூச்சில் மனு எழுதினேன். தயங்க வேண்டிய இடத்தில் தயங்கவில்லை, அவ்வளவு தன்னம்பிக்கை. ஆலையின் ஒவ்வொரு படிவமும் எனக்கு மனப்பாடம். ‘சனிக்கிழமை மூன்றாம் ஷிஃப்ட், அதிகாலை நாலு நாற்பதுக்கு’ என்று எழுதி, சனிக்கிழமையின் தேதியைப் போட்டேன். பேராசிரியை படித்துவிட்டு, வாக்கியங்கள் நறுக்கென்று இருக்கின்றன என்றார். தோழி வலது கையால் நிதானமாகக் கையெழுத்துப் போட்டாள். தொழிலாளர் காப்பீட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வந்தோம்.

விசாரணை அதிகாரி இளைஞர். எதைப் படித்தாலும் வரிக்குக் கீழே ஒரு ஸ்டீல் ஸ்கேலை வைத்து, ஒவ்வொரு வரியாக நகர்த்திப் படிப்பார். என் மனுவையும் அப்படியே படித்தார். ஆலையின் சார்பில், என் பழைய மனிதவள மேனேஜர் வந்திருந்தார். பாதி மனுவில் ஸ்கேல் நின்றுவிட்டது.

“சனிக்கிழமை அதிகாலை நாலு நாற்பது. அப்படின்னா வெள்ளிக்கிழமை ராத்திரி வேலைக்கு வந்திருக்கணும். வந்தாங்களா?”

மேனேஜர் ஒரு தாளை எடுத்து நீட்டினார். தோழி எழுதிய லீவு விண்ணப்பம். வெள்ளிக்கிழமை இரவு அவள் அக்கா மகளுக்குக் காது குத்து. ஊருக்குப் போயிருந்தாள்.

அப்போதுதான் புரிந்தது. ஆலையில் தேதி நடுராத்திரியில் மாறாது. சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு உள்ளே வந்தவருக்கு, ஞாயிறு காலை ஆறு மணிக்கு வெளியே போகும்வரை மஸ்டரில் சனிக்கிழமைதான். மூன்று வருடம் நான் அப்படித்தான் பதிவு செய்தேன். அந்தப் பழக்கத்தில் மனுவிலும் அப்படியே எழுதிவிட்டேன். ஆலைக்கு வெளியே இருக்கிற உலகத்தில் சனிக்கிழமை அதிகாலை என்றால் அது முந்தைய நாள் விடியல். அந்த விடியலில் என் தோழி ஆலையிலேயே இல்லை. உண்மையில் நடந்த விபத்தை என் கையாலேயே நடக்காததாக்கி வைத்திருந்தேன்.

“எழுத்துப் பிழை சார்” என்றேன்.

மேனேஜர் சிரித்தார். கெட்ட சிரிப்பு என்று சொல்லமாட்டேன், ஆனால் எனக்கு உள்ளே பற்றிக்கொண்டது. “எங்க டைம் ஆபீஸ்லயே மூணு வருஷம் இருந்தவங்க சார் இந்த மேடம். தேதி விஷயத்துல அவங்க தப்பு பண்ண மாட்டாங்க. எங்களுக்கே சொல்லிக் குடுத்தவங்க.”

அதிகாரி ஸ்கேலை எடுத்து ஓரமாக வைத்தார். இரண்டு வாரம் நேரம் தருகிறேன், தேதியை விளக்குங்கள், வெறும் வாய்வார்த்தையாக இல்லாமல் ஆதாரத்தோடு வாருங்கள் என்றார்.

பஸ் ஸ்டாண்டு வரை இருவரும் நடந்தே போனோம். அவள் என்னைத் திட்ட வேண்டும் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் எனக்கும் லேசாக இருந்திருக்கும். ஐந்தாம் நம்பர் பிளாட்பாரத்தில் நின்றதும் அவள்தான் முதலில் பேசினாள்.

“எனக்கும் அது சனிவாரந்தான்க்கா. நான் சொன்னத தானே நீங்க எழுதுனீங்க.”

“நான் படிச்சவ. நான் யோசிச்சிருக்கணும்.”

“மஸ்டர் எழுதுன கையி, வேற எப்படி எழுதும்?”

சொல்லிவிட்டு, கட்டுப் போடாத கையால் என் முதுகைத் தட்டினாள். அத்தனை கூட்டத்துக்கு நடுவில் நின்று அழுதேன். விரல் போனவள் எனக்கு ஆறுதல் சொல்லுகிறாளே என்று அழுதேன். ஒரு கண்டக்டர் எங்களைப் பார்த்து, “தர்மபுரியா கிருஷ்ணகிரியா, ஏறுங்கம்மா, ஏறிட்டு அழுவலாம்” என்றார். அவள் சிரித்துவிட்டாள், அப்புறம் நானும்.

மறுநாள் பேராசிரியையிடம் போய் எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் திட்டுவதற்குப் பதிலாக நாற்காலியை இழுத்துப் போட்டார். பிழையை மறைக்காதே, திருத்த மனு போடு, இப்படிப் பிழை வருவது ஏன் இயல்பு என்று காட்டு, நானும் படித்துவிட்டுக் கவனிக்காமல் விட்டேன், அதையும் வேண்டுமானால் எழுது என்றார். மாணவி முன்னால் தன் பிழையை ஒப்புக்கொண்ட ஆசிரியரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

பொது விவகாரப் பேராசிரியர் அதைவிடச் சுருக்கமாகப் பேசினார். “இது உன் பிழையா, ஊர் வழக்கமா? நீ ஒருத்திதான் இப்படி எழுதுவாயா? எனக்குப் பதில் சொல்லாதே. போய்க் கேள்.”

எந்த வகுப்பில் தூங்கி விழுந்தேனோ, அந்த வகுப்பின் கேள்வியைத் தூக்கிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஐந்தே முக்காலுக்கு ஆலை கேட்டுக்கு எதிரே இருக்கும் டீக்கடையில் போய் நின்றேன். ஆறு மணிக்கு மூன்றாம் ஷிஃப்ட் வெளியே வந்தது. கம்பெனி பஸ் கிளம்புவதற்கு முன் எல்லோரும் ஒரு டீ குடிப்பார்கள். ஒவ்வொருவரிடமும் ஒரே கேள்வி கேட்டேன்.

“இன்னைக்கு என்ன கெழம?”

“சனிக்கெழமக்கா. ஏன், டைம் ஆபீஸ விட்டதும் கேலண்டர் கூட மறந்துபோச்சா?”

“வீட்டுக்குப் போயி படுத்து எந்திரிச்சாதான் எங்களுக்கு ஞாயிறு.”

திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஃபிட்டர் ஒருவர் டீயை ஆற்றிக்கொண்டே சொன்னார். “கம்பெனிக்குச் சனி, வீட்டுக்கு ஞாயிறு. ரெண்டு பக்கமும் நாமதானே ஏச்சு வாங்கணும்.”

ஒருவர்கூட மாற்றிச் சொல்லவில்லை. எனக்குச் சிரிப்பும் வந்தது, தெம்பும் வந்தது. பையிலிருந்து ஒரு தாளை எடுத்தேன். மேலே அன்றைய ஞாயிற்றுக்கிழமைத் தேதியை இந்தத் தடவை ஜாக்கிரதையாக டைப் அடித்திருந்தேன். விபத்து நடந்த வாரம் சனிக்கிழமை இரவு பத்து மணிக்கு நாங்கள் வேலைக்கு வந்தோம், மறுநாள் ஞாயிறு அதிகாலை நாலு நாற்பதுக்கு இன்னாருடைய கை பிரஸ்ஸில் மாட்டியதைக் கண்ணால் பார்த்தோம் என்பதுதான் வாசகம். அதை எல்லோருக்கும் வாசித்துக் காட்டினேன். கையெழுத்துப் போட்டால் தங்கள் வேலைக்கும் ஆபத்து வரலாம் என்று எல்லோருக்கும் தெரியும். சிலர் பஸ்ஸைப் பார்த்தார்கள். நான் யாரையும் குறை சொல்ல மாட்டேன். அந்த இடத்தில் நானாக இருந்தால் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்திருப்பேன்.

முதலில் முன்னால் வந்தவர், தோழிக்குப் பக்கத்துப் பிரஸ்ஸை ஓட்டும் அக்கா. சூளகிரிப் பக்கம் விவசாயக் குடும்பம். ஐம்பதை நெருங்கிய வயது, அதிகம் பேசாதவர். டைம் ஆபீஸில் இருந்த மூன்று வருடத்தில் என்னிடம் மூன்று வார்த்தை பேசியிருப்பாரா என்பது சந்தேகம். டீ கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையில் கையைத் துடைத்தார்.

“பாத்தத பாத்தேன்னு சொல்றதுக்கு என்னா” என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார். அதற்குப் பிறகு இன்னும் நான்கு பேர் போட்டார்கள்.

அறைக்கு வந்து தாளை விரித்தவள் தலையில் கையை வைத்துக்கொண்டேன். ஐந்து பேரும் கையெழுத்துக்குக் கீழே தேதி போட்டிருந்தார்கள். ஐந்தும் சனிக்கிழமையின் தேதி. மேலே ஞாயிறு என்று அச்சடித்த தாளில், அன்று ஞாயிறு என்று நான் வாசித்துக் காட்டிய பிறகு, ஐந்து பேரும் சனிக்கிழமை என்று எழுதியிருந்தார்கள். பிரஸ் ஓட்டுகிற கை அல்லவா, தானாக ஓடியிருக்கிறது. எனக்கு வந்த கோபத்தில் அழிக்கிற வெள்ளை மையைத் தேடினேன். நல்லவேளை, அதைத் திறப்பதற்கு முன் பேராசிரியைக்குப் போன் போட்டேன்.

அவர் வெகுநேரம் சிரித்தார். “கை வைக்காதே” என்றார். “இதைவிட நல்ல ஆதாரம் உனக்கு எங்கே கிடைக்கும்?”

இரண்டாவது விசாரணைக்கு அந்தப் பக்கத்துப் பிரஸ் அக்காவும் லீவு போட்டுவிட்டு வந்தார். சாட்சி யாராவது நேரில் வர வேண்டும் என்று அதிகாரி கேட்டிருந்தார். ஸ்கேல் மறுபடி வரிவரியாக இறங்கியது. கையெழுத்துகளில் வந்து நின்றது.

“மேலே ஞாயிறு, கீழே சனி. இதுவும் எழுத்துப் பிழையா?”

“இல்ல சார்” என்றேன். “காலைல ஆறு மணிக்கு, ஷிஃப்ட் முடிஞ்சு வந்தப்ப போட்ட கையெழுத்து. அவங்களுக்கு அப்ப சனிக்கிழமைதான். நான் மனுவுல பண்ணினதும் இதே தப்புதான்.”

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். “ஞாயித்துக்கிழமை விடியக்காலைல உங்க ஆலையில பிரஸ் ஓடுமா?”

“ஓடும் சார். மூணாவது ஷிஃப்ட் காலைல ஆறு வரைக்கும் இருக்கே.”

“அப்ப ஓட்டுற ஆளுங்க பேரு ஞாயித்துக்கிழமை மஸ்டர்ல வருமா?”

“வராது சார். அது சனிக்கிழமை கணக்குலதான்...” பாதியில் நிறுத்திக்கொண்டார் மேனேஜர்.

“அதைத்தான் இவங்க அஞ்சு பேரும் சொல்றாங்க” என்றார் அதிகாரி.

அக்காவிடம் இரண்டு கேள்வி கேட்டார். எங்கே நின்றீர்கள், என்ன பார்த்தீர்கள். அக்கா இரண்டுக்கும் பதில் சொன்னார். ஒரு சொல் கூடுதலாகச் சொல்லவில்லை. அதிகாரி கோப்பில் எழுதி எங்களுக்கு வாசித்துக் காட்டினார். திருத்தம் ஏற்கப்பட்டது, விபத்து வேலை நேரத்தில் வேலை இடத்தில் நடந்தது. தோழி அதை இன்னொரு முறை வாசிக்கச் சொன்னாள். அவர் முகம் சுளிக்காமல் இன்னொரு முறை வாசித்தார். அவருக்கும் நான் நன்றி சொல்ல வேண்டும்.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். தோழி கை ஆறியதும் வேலைக்குத் திரும்பினாள். இப்போது பரிசோதனை மேஜையில் உட்கார்ந்து பார்க்கிற வேலை. மகள் அதே பள்ளிக்கூடத்தில் நான்காம் வகுப்புக்குப் போனாள். என் இரண்டாவது தாளில், விபத்துப் படிவத்தில் ஷிஃப்ட் தேதிக்கும் காலண்டர் தேதிக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்று எழுதி மேலே அனுப்பினேன். பெற்றுக்கொண்டோம் என்று பதில் வந்தது, இதுவரை அவ்வளவுதான். இரண்டு பேராசிரியர்களும் தாள்களை மாற்றிப் படித்து நல்ல மதிப்பெண் போட்டார்கள். பட்டமளிப்புக்கு அத்தா வெள்ளைச் சட்டையில் வந்து, இரண்டு தோணியும் கரை சேர்ந்துவிட்டது என்று பக்கத்து சீட்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஆனால் விசாரணை முடிந்த அந்த நாளிலேயே இன்னொன்று நடந்தது. தோழி மகளைப் பள்ளியிலிருந்து கூட்டி வர ஓடிவிட்டாள். அக்காவும் நானும் அலுவலகத்துக்கு வெளியே நின்றோம். ரொம்ப நன்றிக்கா, நீங்க வரலேன்னா ஒண்ணும் ஆகியிருக்காது என்றேன். அவர் தலையை ஆட்டினார். பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“எங்க வீட்டுக்காரருக்கும் இப்படித்தான் ஆச்சு.”

எனக்குப் புரியவில்லை. “எப்படிக்கா?”

“நம்ம கம்பெனிலதான் லோடிங்ல இருந்தாரு. ஞாயித்துக்கெழம விடிகாலைல மேல இருந்து உழுந்து முதுகு போயிடுச்சு. அன்னைக்கு அவருக்கு வார லீவு, ஆப்புன்னு சொல்லித் தள்ளிட்டாங்க. நான் டைம் ஆபீஸ்ல வந்து கேட்டேன். நீங்கதான் இருந்தீங்க. மஸ்டர தொறந்து, வெரல வெச்சுப் பாத்துட்டு, ஆமாங்க ஆப்புதான்னு சொன்னீங்க.”

நினைவுபடுத்திப் பார்த்தேன். எனக்கு அந்த நாள் நினைவுக்கே வரவில்லை. அதுதான் என்னை அடித்தது. ஒரு குடும்பத்தின் தலையெழுத்தை விரல் வைத்துப் படித்துச் சொல்லிவிட்டு, மூடி வைத்துவிட்டு, அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன். இவரைப் போல எத்தனை பேர் என்ற கேள்விக்கு மதிய வகுப்பில் எத்தனையோ பதில் எழுதியிருக்கிறேன். ஒரு பதில் என் ஜன்னலுக்கே வந்து நின்று, நான் சொன்னதை நம்பித் திரும்பிப் போயிருக்கிறது.

“இது தெரிஞ்சும் எனக்கு முதல் கையெழுத்து போட்டீங்களே அக்கா.”

“உங்களுக்கா போட்டேன்? அந்தப் புள்ளைக்குப் போட்டேன்” என்றார். பிறகு குரல் கொஞ்சம் இறங்கி, “நீங்களும் வேணும்னு சொல்லலியே. இருந்தத பாத்து சொன்னீங்க. இப்பதான் மாத்தி எழுதக் கத்துக்கிட்டீங்க இல்ல, அவருக்கும் ஒண்ணு எழுதுங்க” என்றார்.

நாள் கடந்த மனு. தாமதத்துக்கு முதலில் தனியாகக் காரணம் எழுத வேண்டும். அந்தக் காரணத்தில் என் பெயரும், நான் மஸ்டரைப் பார்த்துச் சொன்ன பதிலும் வரும். எழுதித்தான் ஆக வேண்டும்.

“அவர் வந்து விவரம் சொல்லணும்க்கா. கையெழுத்தும் போடணும்.”

“அவரால பஸ்ல உக்காந்து வர முடியாது. நீங்கதான் வீட்டுக்கு வரணும்.”

“வர்றேன்.”

“எப்ப?”

“இப்பவே வர்றேன்.”

சூளகிரி பஸ் வந்தது. கூட்டத்தில் எனக்கு முன்னால் ஏறி, ஒரு கையால் சீட்டைப் பிடித்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். நான் பர்ஸைத் திறப்பதற்குள், டிக்கெட்டை அவரே எடுத்துவிட்டார், எனக்கும் சேர்த்து.